ஓர்லாண்டோ போகிறோம், மகனால் கியூவில் நிற்க முடியாது: டாஸ் கிடைக்குமா, கிடைக்காவிட்டால் என்ன வழி?

தொட்டில்மேகம்:
எல்லோருக்கும் வணக்கம். ஜூன் கடைசியில் ஓர்லாண்டோ போகிறோம். நாங்கள் மூன்று பேர், கூடவே கோவையிலிருந்து வரும் மாமனார் மாமியார். மகனுக்கு 9 வயது, ஆட்டிசம், பேச்சு குறைவு. ரைடு என்றால் அவனுக்கு உயிர், எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும் சிரிப்பான். ஆனால் ரைடுக்கு முன்னால் வளைந்து வளைந்து போகிற கம்பித் தடுப்புக்குள் நிற்க வைத்தால் பத்து நிமிடம் தாங்காது. பின்னால் நிற்பவரின் பை முதுகில் இடித்தாலே போதும், காதைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிடுவான், அதன் பிறகு அந்த நாளே முடிந்தது. டிஸ்னியில் கியூவில் நிற்க முடியாதவர்களுக்கு டாஸ் என்று ஒரு பாஸ் இருக்கிறது, 2024க்குப் பிறகு ரொம்பக் கெடுபிடி என்கிறார்கள். யூனிவர்சலில் வேறு ஏதோ அட்டை. மாமியாருக்கு முழங்கால் வலி, அரை மணி நேரம் சேர்ந்தாற்போல் நிற்க முடியாது. அவருக்கும் சேர்த்துக் கேட்கலாமா? ஃபேஸ்புக் குழுக்களைப் படித்தால் பயம்தான் கூடுகிறது. போய் வந்தவர்கள் யாராவது நிதானமாகச் சொல்லுங்களேன்.

மூன்றாம்தளம்:
டாம்பாவில் இருக்கிறேன், வருட பாஸ் வைத்திருப்பதால் அடிக்கடி போகிற இடம்தான். என் மகளுக்கும் ஆட்டிசம். நேரான பதில் முதலில்: இப்போதைய டாஸ் உங்கள் மகனைப் போன்ற பிள்ளைகளை வைத்துத்தான் எழுதப்பட்டிருக்கிறது, அதனால் கிடைக்க நல்ல வாய்ப்பு உண்டு. மாமியாரின் முழங்காலுக்குக் கிடைக்காது. அதைக் கேட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம், அதற்கு வேறு வழி இருக்கிறது.

ஏன் இவ்வளவு கெடுபிடி என்று புரிய கொஞ்சம் பின்னால் போக வேண்டும். 2013 வரை கெஸ்ட் அசிஸ்டன்ஸ் கார்டு என்று ஒரு காகித அட்டை கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அதைக் காட்டினால் பல ரைடுகளில் ஃபாஸ்ட்பாஸ் என்ற விரைவு வழியாகவோ வேறு வாசல் வழியாகவோ அதிகம் காத்திருக்காமல் போய்விடலாம், திரும்பத் திரும்பவும் போகலாம். அந்த வருடம் மே மாதம் நியூயார்க் போஸ்ட் ஒரு செய்தி போட்டது. மன்ஹாட்டன் பணக்காரக் குடும்பங்கள் மாற்றுத்திறனாளி ஒருவரை மணிக்கு 130 டாலர் கொடுத்து ‘கைடு’ என்று கூட்டிக்கொண்டு போய் எல்லாக் கியூவையும் தாண்டுகிறார்கள் என்று. பெரிய ரகளை ஆனது. அக்டோபரில் அந்த அட்டை ஒழிந்து டிசெபிலிட்டி ஆக்ஸஸ் சர்வீஸ், சுருக்கமாக டாஸ், வந்தது.

டாஸில் உடனே உள்ளே விடமாட்டார்கள். ரைடில் 70 நிமிடக் காத்திருப்பு என்றால் ஏறக்குறைய ஒரு மணி நேரம் கழித்து வரச் சொல்லி நேரம் கிடைக்கும். அதுவரை நிழலில் உட்காரலாம், சாப்பிடலாம், கூட்டமில்லாத வேறு எதையாவது பார்க்கலாம். எல்லாம் போன் ஆப்பில்தான், ஒரு சமயத்தில் ஒரு ரைடுக்கு மட்டும். இதில் எனக்குப் பிடித்த விஷயம், குறித்த நேரம் வந்த பிறகு அன்று ரைடு மூடும்வரை அது செல்லும். பிள்ளை நடுவில் உடைந்து அழுதால் கடிகாரத்தைப் பார்த்து இழுத்துக்கொண்டு ஓட வேண்டியதில்லை.

2024 மே 20ல் ஃப்ளோரிடாவிலும் ஜூன் 18ல் கலிஃபோர்னியாவிலும் விதி இறுகியது. ஆட்டிசம் போன்ற வளர்ச்சிக் குறைபாட்டால் வழக்கமான கியூவில் நீண்ட நேரம் நிற்க முடியாத சிறு எண்ணிக்கையினருக்கு மட்டும் என்று எழுதிவிட்டார்கள். வீட்டிலிருந்தே வீடியோ காலில் பேசி விண்ணப்பிக்க வேண்டும். தேவைப்பட்டால் இன்ஸ்பையர் ஹெல்த் அலையன்ஸ் என்ற நிறுவனத்தின் மருத்துவப் பணியாளர் ஒருவரும் அந்த அழைப்பில் சேருவார். பொய் சொன்னது தெரிந்தால் பூங்காவுக்குள்ளேயே நிரந்தரமாக நுழைய முடியாது. டாஸ் வாங்கியவரோடு சேர்த்து நாலு பேர் என்பது பொதுக்கணக்கு. நீங்கள் ஐந்து பேர் என்பதால் அதை வீடியோ காலிலேயே தெளிவாகக் கேட்டுவிடுங்கள்.

தொட்டில்மேகம்:
அப்பாடா, மிக்க நன்றி. யூனிவர்சலில்?

மூன்றாம்தளம்:
அங்கே ஐபிசிசிஇஎஸ் என்ற அமைப்பின் இணையதளத்தில் தனிநபர் அட்டை ஒன்றுக்குப் பதிய வேண்டும், காசு கிடையாது. இவர்கள் டிஸ்னி மாதிரி இல்லை, மருத்துவரின் கடிதம் கேட்பார்கள். போகிற நாளுக்கு குறைந்தது 48 மணி நேரம் முன்னால் பதிந்துவிடுங்கள், நான் சொல்வேன் ஒரு மாதம் முன்னால். அந்த எண்ணை வைத்துப் பூங்காவில் பேசினால் அட்ராக்‌ஷன் அசிஸ்டன்ஸ் பாஸ் தருவார்கள். காத்திருப்பு குறைவாக இருந்தால் உடனே எக்ஸ்பிரஸ் வழி, அதிகமாக இருந்தால் திரும்பி வர ஒரு நேரம். சிக்ஸ் ஃப்ளாக்ஸ் பூங்காக்களிலும் இதே அட்டைதான்.

இரும்புச்சக்கரம்:
மாமியார் விஷயம் நான் சொல்கிறேன். நான் வீல்சேரில் இருப்பவன். டிஸ்னி வேர்ல்டில் பெரும்பாலான கியூக்கள் வீல்சேர் போகிற அகலத்தில்தான் இருக்கின்றன, அதனால் எங்களுக்குத் தனி வழி கிடையாது, எல்லோரோடும் சேர்ந்துதான் போக வேண்டும். வாசலிலேயே வாடகைக்கு வீல்சேரும் கிடைக்கும், பேட்டரி வண்டியும் கிடைக்கும். உங்கள் மாமியார் முதல் நாள் ‘எனக்கெதுக்கு இதெல்லாம், நான் என்ன நோயாளியா’ என்பார், மதியம் மூன்று மணிக்கு அவரே ஏறி உட்காருவார், கவலைப்படாதீர்கள்.

கலிஃபோர்னியாவின் டிஸ்னிலேண்ட் 1955ல் கட்டியது, அங்கே பழைய ரைடுகள் சிலவற்றில் கியூ ஒடுக்கமாக இருக்கும், வெளியேறும் வழியாக உள்ளே கூப்பிடுவார்கள். அதைப் பார்க்கிறவர்கள் ‘பார், வண்டியில் வந்தால் முன்னால் விடுகிறான்’ என்று நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் நாங்கள் சில நேரம் போர்டில் போட்டிருப்பதைவிட அதிகமாகக் காத்திருப்போம். இருக்கைக்கு மாறி உட்கார நேரம் ஆகும், ரைடு நடுவில் நின்றால் ஆளைத் தூக்கி இறக்க வேண்டும் என்பதால் சில ரைடுகளில் ஒரே நேரத்தில் இத்தனை வீல்சேர்க்காரர்கள்தான் என்று வரம்பு வேறு உண்டு. எனக்கு முன்னால் இரண்டு வண்டி நின்றால் கணக்கே வேறு.

காசுக்கணக்கு:
யாரும் சொல்லாத பக்கத்தை நான் சொல்லிவிடுகிறேன், திட்டினாலும் பரவாயில்லை. தொழில் கியூ தொடர்பானதுதான், கிடங்கில் சரக்கு நகர்வைப் பார்க்கிறேன். ரைடில் ஒரு மணி நேரத்துக்கு இத்தனை இருக்கைதான், அதை எந்தப் பாஸும் கூட்டாது. சும்மா ஒரு கணக்குக்கு 1200 இருக்கை என்று வைத்துக்கொள்ளுங்கள். சாதாரண கியூவில் 720 பேர் நிற்கிறார்கள். பக்கத்தில் பாஸ்காரர்களுக்கென்று வேறு வழியே இல்லையென்றால் கடைசி ஆள் 36 நிமிடத்தில் ஏறிவிடுவார். ஆனால் 70 சதவீத இருக்கையைப் பக்கத்து வழிக்குக் கொடுத்துவிட்டால் இவர்களுக்கு மணிக்கு 360தான் மிச்சம், அதே கடைசி ஆள் இரண்டு மணி நேரம் நிற்பார். அங்கேயும் கைக்குழந்தையோடு ஒரு அம்மா நிற்கிறார், அவருக்கு எந்தப் பெயரிலும் அட்டை கிடையாது. ஒரு கதவை அகலமாகத் திறந்தால் அதன் செலவு இந்தப் பக்கம் நிற்கிறவர்கள் தலையில்தான் விழும். மருத்துவச் சான்று எதுவும் கேட்காமல் வாய்ச்சொல்லை நம்பிக் கொடுத்தால் கூட்டம் வரத்தானே செய்யும்? டிஸ்னியே பாஸ் பயன்பாடு சில வருடங்களில் பல மடங்கு கூடிவிட்டது என்றது. எல்லை போட்டதில் எனக்குத் தப்பு தெரியவில்லை.

கடல்காக்கை:
எல்லை எங்கே போட்டார்கள் என்பதுதான் வயிற்றெரிச்சல். என் மனைவிக்கு கிரோன்ஸ் என்ற குடல் நோய். எந்த நிமிடம் கழிப்பறைக்கு ஓட வேண்டிவரும் என்று அவளுக்கே தெரியாது. வேறொரு மாநிலத்தில் ஒரு பெரிய பூங்கா, பெயர் வேண்டாம், ‘வளர்ச்சிக் குறைபாடு இல்லையென்றால் பாஸ் இல்லை, அவசரம் வந்தால் கியூவை விட்டு வெளியே போய்விட்டுத் திரும்ப உங்கள் ஆட்களோடு சேர்ந்துகொள்ளலாம்’ என்றார்கள். காகிதத்தில் நன்றாகத்தான் இருக்கிறது. சுவரோடு ஒட்டிய, இரண்டு பேர் தோளோடு தோள் நிற்கிற வழியில் நூறு பேரைத் தள்ளிக்கொண்டு வெளியே போவது ஒரு அவமானம். திரும்ப அதே நூறு பேரிடம் ‘மன்னிக்கவும், என் கணவர் முன்னால் நிற்கிறார்’ என்று சொல்லிக்கொண்டே வருவது இன்னொன்று. பாதி வழியில் ஒருவர் கையை நீட்டித் தடுத்துவிட்டார். அவருக்கு இவள் நோய் எப்படித் தெரியும், அவர் பங்குக்கு அவர் கியூவைக் காப்பாற்றுகிறார். அன்றைக்கு மீதி நேரம் முழுக்க அவள் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள், பிள்ளைகள் மட்டும் போய் வந்தார்கள்.

காசுக்கணக்கு:
அது கஷ்டம்தான், மறுக்கவில்லை. ஆனால் அது அந்த வழியின் அகலத்தில் இருக்கிற குறை இல்லையா?

ஊதாநிறம்:
இந்த இழையில் எல்லோரும் பெற்றோராகவோ கணவராகவோ பேசுகிறீர்கள், நான் அந்தக் கியூவில் நிற்கிற ஆளாகப் பேசுகிறேன். 31 வயது, ஆட்டிசம், தனியாக வேலைக்குப் போகிறேன், தனியாகவே பூங்காவுக்கும் போகிறேன். பார்த்தால் ஒன்றும் தெரியாது, அதுவே பாதித் தலைவலி.

காத்திருப்பது எனக்குப் பிரச்சினையே இல்லை. ஐந்து மணி நேரம் ஒரு ஜன்னல் பக்கத்தில் உட்கார்ந்து ரயில் பார்க்கச் சொன்னால் சந்தோஷமாக உட்காருவேன். கியூ என்கிற இடம்தான் என்னை முடித்துவிடும். கூரை தாழ்ந்த அறை, மேலே ஒரே இரண்டு நிமிடப் பாட்டு திரும்பத் திரும்ப ஓடும், யாரோ பூசிய சன்ஸ்கிரீன் வாசனை, கழுத்தில் யாரோ ஒருவரின் மூச்சு, சங்கிலியை ஆட்டி ஆட்டி விளையாடுகிற ஒரு குழந்தை. இதெல்லாவற்றையும்விட மோசம், கியூ திடீரென்று நிற்கும், ஏன் நின்றது என்று ஒருவரும் சொல்லமாட்டார்கள். எட்டு நிமிடமா நாற்பது நிமிடமா தெரியாது. திரும்பிப் போகவும் வழி இல்லை. என் மூளை அந்த இடத்தில் கதவைத்தான் தேடிக்கொண்டிருக்கும். ரைடில் உட்காரும்போது இருப்பது மிச்சம்மீதி நான்தான். டாஸ் எனக்குத் தருவது நேரத்தைக் குறைப்பதில்லை, அதே ஒரு மணி நேரத்தை நான் தேர்ந்த இடத்தில் கழிக்க விடுவது மட்டும்தான்.

@காசுக்கணக்கு, உங்கள் கணக்கு சரியாகவே இருக்கட்டும். அந்த 70 சதவீதத்தில் நாங்கள் எத்தனை பேர், காசு கொடுத்து வந்தவர்கள் எத்தனை பேர்? டாஸ்காரர்கள் நுழைவது லைட்னிங் லேன் என்ற விரைவு வழியின் வாசலில்தான், காசு கொடுத்தவர்கள் நுழைவதும் அதே வாசலில்தான். ஃபாஸ்ட்பாஸ் 1999ல் வந்தபோது இலவசம், எல்லோருக்கும் இருந்தது. 2021 அக்டோபரில் ஜீனி பிளஸ் என்ற கட்டணச் சேவை வந்ததும் அந்த வாசலுக்கு விலை ஒட்டினார்கள். இப்போது பிரீமியர் பாஸ் என்று ஒரு நாளுக்கு ஒருவருக்கு நூற்றுக்கணக்கான டாலருக்கு விற்கிறார்கள். ஒரு பொருளை விற்க ஆரம்பித்த பிறகு அதே பொருளை இலவசமாகப் பெறுகிறவர்கள் எல்லோரும் ஓட்டை மாதிரித் தெரிவார்கள். முதலில் அந்த ஓட்டையைத்தான் அடைப்பார்கள். பொய் சொல்லி டாஸ் வாங்குகிறவர்கள் ஏன் பெருகினார்கள் என்பதற்கும் பாதிப் பதில் அதில்தான் இருக்கிறது, இலவசமாகக் கியூவைத் தாண்ட இருந்த ஒரே வழி அதுதானே. குடும்பத்தோடு வருகிற, காசு கொடுக்க முடியாத, கியூவில் இரண்டு மணி நேரம் நிற்கிற அந்த அம்மாவின் கோபம் எங்கள் பக்கம் திரும்புவதில் லாபம் யாருக்கு?

வடக்குவீதி:
திருமலையில் 300 ரூபாய் டிக்கெட்டும் முதியவர், மாற்றுத்திறனாளி தரிசன டோக்கனும் தனித்தனியாக இருக்கிறதே, அந்த மாதிரி இங்கேயும் பிரித்துவிட்டால் சண்டை குறையும். பெருமாளே காசு வரிசையை ஒழிக்கவில்லை, மிக்கி மவுஸ் எங்கே ஒழிக்கப் போகிறது!

ஊதாநிறம்:
ஹா ஹா. ஆனால் நீங்கள் சொன்னதில் விஷயம் இருக்கிறது. தனி ஒதுக்கீடு என்று எண்ணிக்கை வெளிப்படையாக இருந்தால் யார் எவ்வளவு எடுக்கிறார்கள் என்று எல்லோருக்கும் தெரியும்.

காசுக்கணக்கு:
காசு வாசலை நான் ஆதரிக்கவே இல்லை, அதையும் மூடலாம் என்றுதான் சொல்வேன். ஆனால் விற்கிறவன் மூடமாட்டான். நான் பேசுவது இருக்கிற நிலைமையில். நீதிமன்றம்கூட டிஸ்னி பக்கம்தானே நின்றது?

மூன்றாம்தளம்:
ஒரு வழக்கில் நின்றது, அதைக் கொஞ்சம் விவரமாகச் சொன்னால் நல்லது. 2013 மாற்றத்தை எதிர்த்து ஆட்டிசம் உள்ள ஓர் இளைஞரின் குடும்பம் வழக்குப் போட்டது. நேரம் குறித்துத் தந்தாலும் அவரால் சும்மா காத்திருக்க முடியாது, பூங்காவைத் தனக்குப் பழகிய ஒரே ஒழுங்கில்தான் சுற்றுவார், அதனால் தடையில்லாத நுழைவோ உடனே ஏறும் பாஸ்கள் பத்தோ வேண்டும் என்பது கோரிக்கை. கீழ் நீதிமன்றம் விசாரணை இல்லாமலே டிஸ்னிக்குச் சாதகமாக முடிக்க, 2018ல் 11ஆவது சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றம் ‘இல்லை, இதை முறையாக விசாரி’ என்று திருப்பி அனுப்பியது. விசாரணை நடந்து 2020 ஜூனில் ஓர்லாண்டோவில் நீதிபதி ஆன் கான்வே டிஸ்னி சார்பாகத் தீர்ப்பளித்தார். கேட்ட சலுகை அவசியம் என்று நிரூபணமாகவில்லை, அப்படிக் கொடுத்தால் பழைய முறைகேடு திரும்பும், பூங்கா நடக்கிற விதமே மாறிவிடும் என்பது சாரம். 1990ன் அமெரிக்க மாற்றுத்திறனாளிகள் சட்டம் நியாயமான மாற்றத்தைத்தான் கேட்கிறது, சேவையின் அடிப்படையையே மாற்றச் சொல்வதில்லை.

ஆனால் கவனியுங்கள், அந்தத் தீர்ப்பு பழைய டாஸைப் பற்றியது, அதாவது கடல்காக்கையின் மனைவி போன்றவர்களும் விண்ணப்பிக்க முடிந்த டாஸ். 2024ன் குறுகிய வடிவத்தை எதிர்த்து 2025 பிப்ரவரியில் கலிஃபோர்னியாவில் வேறு வழக்குப் போட்டிருக்கிறார்கள், உடல் சார்ந்த குறைபாடு உள்ளவர்களை மொத்தமாக வெளியே தள்ளியது தவறு என்று. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டு ‘கோர்ட்டே சொல்லிவிட்டது’ என்று முடித்துவிட முடியாது.

பனங்கொட்டை:
லண்டனில் இருந்து எழுதுகிறேன், நாங்கள் யாழ்ப்பாணம். இங்கத்தைய முறையையும் ஒருக்கால் பாருங்கள், ஒப்பிட உதவும். ஆல்டன் டவர்ஸ், தோர்ப் பார்க், செசிங்டன், லெகோலேண்ட் எல்லாம் மெர்லின் நிறுவனம் நடத்துவது. ரைட் ஆக்ஸஸ் பாஸ் என்று ஒன்று, இலவசம்தான், ஆனால் முன்கூட்டியே பதிய வேண்டும், ஒரு நாளுக்கு இத்தனை என்று அளவு உண்டு. பிள்ளையை முதல் ரைடுக்கு நேரே அக்ஸஸ் வாசலால் விடுவார்கள், பிறகு அந்த ரைடின் காத்திருப்பு நேரத்தைப் பாஸில் பதிந்துவிடுவார்கள், அந்த நேரம் முடியும்வரை அடுத்த ரைடுக்கு பாஸைக் காட்ட ஏலாது. அதாவது டிஸ்னியில் காத்திருந்துவிட்டு ஏற வேண்டும், இங்கே ஏறிவிட்டுக் காத்திருக்க வேண்டும். மொத்த நேரம் ஒன்றுதான், ஆனால் பிள்ளைக்கு அது ஒன்றில்லை! எங்கள் மகள் வாசலில் ரைடைக் கண்டுவிட்டால் ‘பிறகு’ என்ற கதையே எடுபடாது. ஏறி இறங்கின பிறகு ஒரு மணித்தியாலம் புல்லில் இருக்கச் சொன்னால் இருப்பாள். உதவியாளர் ஒருவருக்கு டிக்கெட் இலவசமாகவும் கிடைக்கும்.

அத்தாட்சிக்கு நிம்பஸ் என்ற நிறுவனம் தரும் அக்ஸஸ் கார்டு. அதில் ‘நிற்பதும் வரிசையில் காத்திருப்பதும் கடினம்’ என்பதற்கு ஒரு குறியீடு, உதவியாளர் தேவை என்பதற்கு இன்னொன்று. என்ன வருத்தம், அதாவது என்ன நோய் என்று அட்டையில் இராது, என்ன தேவை என்று மட்டும் இருக்கும். வாசலில் நிற்கிற பதினெட்டு வயதுப் பொடியனுக்கு என் பிள்ளையின் மருத்துவக் கதை எதற்கு? இதுதான் எனக்கு இந்த முறையில் பிடித்தது. பிடிக்காதது, நல்ல வெயில் நாளில் பாஸ் முழுவதும் முடிந்துவிடும், சரியான சனம்.

ஊதாநிறம்:
ஏறிவிட்டுக் காத்திருக்கும் முறை அருமையாக இருக்கிறதே! அந்த வழக்கில் வந்த இளைஞருக்குக்கூட இது ஓரளவு உதவியிருக்கும் போல.

காசுக்கணக்கு:
நியாயமாகவும் இருக்கிறது. இருக்கைக் கணக்கில் ஒரு ஆள் ஒரு நாளில் எடுக்கும் ரைடு கிட்டத்தட்ட மற்றவர்கள் அளவுதான் வரும். தேவையை மட்டும் எழுதுகிற அட்டையும் எனக்குச் சம்மதம், யாரோ ஒருவர் ஒரு தடவை ஆவணத்தைப் பார்த்திருக்கிறார் என்பதுதான் வேண்டும்.

கடல்காக்கை:
ஆவணம் வாங்கக் காசும் காப்பீடும் வேண்டும் என்பதை மறந்துவிடாதீர்கள். அமெரிக்காவில் வயது வந்தவர் ஆட்டிசம் பரிசோதனை செய்துகொள்ளச் சில ஆயிரம் டாலர் கேட்கும் இடங்களும் உண்டு, நாளும் மாதக்கணக்கில் தள்ளிப் போகும். ‘சான்று காட்டு’ என்பது எளிதாகத் தெரிகிறது, யாரிடம் சான்று இருக்கிறது என்று பார்த்தால் அங்கேயும் காசு வாசல்தான்.

நெய்தல்நிலா:
சிங்கப்பூர். செந்தோசாவில் இருக்கிற யூனிவர்சலுக்கு மகனைக் கூட்டிக்கொண்டு போவோம், அங்கேயும் அட்ராக்‌ஷன் அசிஸ்டன்ஸ் பாஸ் என்ற பெயரில் இருக்கிறது, உள்ளே போனதும் கெஸ்ட் சர்வீசஸ் கவுண்டரில் பேச வேண்டும். எங்களிடம் எஸ்ஜி எனேபிள் என்ற அமைப்பு தரும் டிடிஆர் அட்டை, அதாவது வளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்களுக்கான பதிவேட்டு அட்டை, இருப்பதால் ஒவ்வொரு இடத்திலும் கதை சொல்ல வேண்டியதில்லை, அதை நீட்டினால் முடிந்தது. கடல்காக்கை சொல்வது மாதிரி காசு இருக்கிறவருக்குத்தான் அட்டை என்றில்லாமல் அரசே ஒரு பதிவேடு வைத்திருந்தால் பூங்காக்காரர்கள் மருத்துவர் வேலை பார்க்க வேண்டியிருக்காது. ஒசாகா யூனிவர்சலிலும் அந்த நாட்டின் மாற்றுத்திறனாளி கையேட்டை வைத்துத்தான் கெஸ்ட் சப்போர்ட் பாஸ் தருகிறார்கள்.

மூன்றாம்தளம்:
பாஸ், அட்டை, சான்று என்றே பேசுகிறோம், கியூவையே வேறு மாதிரிக் கட்டினால் இதில் பாதிப் பேருக்குப் பாஸே தேவைப்படாது என்பது என் கட்சி. 2012ல் மேஜிக் கிங்டமில் டம்போ ரைடைப் புதுப்பித்தபோது சர்க்கஸ் கூடாரத்துக்குள் பிள்ளைகள் விளையாட இடம் போட்டு, பெற்றோர் கையில் பேஜர் கொடுத்தார்கள், முறை வந்தால் அது அதிரும். கம்பிக்குள் நிற்பது போய் விளையாடுவது ஆனது, சான்று கேட்காமல் எல்லாப் பிள்ளைக்கும். லெகோலேண்டில் சில கியூக்களின் நடுவே லெகோ கொட்டி வைத்த இடம் இருக்கும், பெரியவர் வரிசையில் நகர நகரப் பிள்ளை உள்ளே கட்டிக்கொண்டிருக்கும். 2017ல் திறந்த யூனிவர்சலின் வால்கேனோ பே தண்ணீர்ப் பூங்காவில் வந்தவர்கள் எல்லோருக்கும் கையில் பட்டை, ரைடு வாசலில் தட்டிவிட்டுப் போய்விடலாம், நேரம் வந்தால் பட்டை சொல்லும்.

காசுக்கணக்கு:
வால்கேனோ பேயில் கூட்ட நாட்களில் ஒரு சறுக்குக்கு மணிக்கணக்கில் காட்டும், போய்ப் பார்த்தவன் சொல்கிறேன். கியூவில் நிற்கிற ஆட்களை வெளியே விட்டால் அவர்கள் ஆவியாகிவிட மாட்டார்கள், நடைபாதையிலும் சாப்பாட்டுக் கடையிலும் வந்து நிற்பார்கள். ஆயிரம் பேரைச் சுருட்டி வைக்கிற அலமாரி அந்த வளைவுக் கியூதான். அலமாரியை எடுத்தால் வீடு முழுக்கத் துணி.

ஊதாநிறம்:
நடைபாதைக் கூட்டத்தில் நான் விலகிப் போக முடியும், கம்பிக்குள் முடியாது. எனக்கு அந்த வித்தியாசம் போதும்.

அப்புறம் ஒரு சின்ன விஷயம், செலவே இல்லாதது: தகவல். பென்சில்வேனியாவில் செசமி பிளேஸ் 2018ல் ஆட்டிசம் மையச் சான்று பெற்ற முதல் தீம் பார்க் ஆனபோது ஒவ்வொரு ரைடுக்கும் சென்சரி வழிகாட்டி போட்டார்கள், தொடுதல், சுவை, சத்தம், வாசனை, பார்வை என்று ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 10 வரை எண். சத்தம் 9 என்று முன்பே தெரிந்தால் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு போவேன், தெரியாமல் போனால் அது தாக்குதல். ரைடுக்கு இப்படிப் போடுகிறவர்கள் கியூவுக்கும் போட வேண்டும். எங்கே இருட்டு, எங்கே வெளியேறும் கதவு, எங்கே கூரை தாழ்வு, எந்த இடத்தில் மூச்சுவிட முடியாமல் நெருக்குவார்கள். ரைடு மூன்று நிமிடம், கியூ ஒரு மணி நேரம், எதற்கு வழிகாட்டி அதிகம் வேண்டும்?

இரும்புச்சக்கரம்:
சான் அன்டோனியோ பக்கம் யாராவது போனால் மார்கன்ஸ் வொண்டர்லேண்டைப் பாருங்கள். 2010ல் திறந்தது, தன் மகள் மற்ற பிள்ளைகளோடு விளையாட முடியாமல் நின்றதைப் பார்த்த ஒரு அப்பா கட்டியது. மாற்றுத்திறனாளிகளுக்கு நுழைவு இலவசம். ராட்டினத்திலும் ஊஞ்சலிலும் வண்டியோடு ஏறலாம். 2017ல் பக்கத்திலேயே தண்ணீர்ப் பூங்கா, அங்கே பேட்டரிக்குப் பதில் அழுத்தக் காற்றில் ஓடுகிற வீல்சேர் தருவார்கள், நனைந்தால் ஒன்றும் ஆகாது. நான் ‘சலுகை’ என்ற வார்த்தையைக் கேட்காமல் கழித்த பூங்கா நாள் அது ஒன்றுதான். பெரிய ரோலர் கோஸ்டர் எதுவும் கிடையாது, அது வேறு கதை.

மட்டுறுத்துநர்:
நல்ல விவாதம், தொடருங்கள். டாஸ் வீடியோ காலில் ‘என்ன சொன்னால் கிடைக்கும்’ என்று வசனம் எழுதிக் கொடுக்கும் பதிவுகளை நீக்கியிருக்கிறேன். இருப்பதைச் சொல்ல உதவுங்கள், இல்லாததைச் சொல்ல வேண்டாம்.

தொட்டில்மேகம்:
இவ்வளவு விஷயம் வரும் என்று நினைக்கவில்லை. மாமியாரிடம் வீல்சேர் பேச்சை எடுத்தேன், இரும்புச்சக்கரம் சொன்ன அதே வசனம் வந்தது! யூனிவர்சல் அட்டைக்கு மருத்துவர் கடிதம் கேட்டிருக்கிறேன். இரண்டு சந்தேகம். வீடியோ காலில் அவனும் இருக்க வேண்டுமா? அவன் கேமராவைப் பார்த்து உட்காரவே மாட்டான். ஒருவேளை கொடுக்காவிட்டால் அன்றைக்கு எப்படிச் சமாளிப்பது?

மூன்றாம்தளம்:
பாஸ் யாருக்கோ அவர் காலின்போது அங்கே இருக்க வேண்டும். 18க்குக் கீழ் என்றால் பேசுவது நீங்கள்தான், அவன் பேச வேண்டியதில்லை. என் மகள் சோபாவுக்குப் பின்னால்தான் இருந்தாள், தலை ஒரு தடவை தெரிந்தது, போதுமென்றுவிட்டார்கள். நோயின் பெயரைச் சொல்லிவிட்டு நிறுத்தாதீர்கள், மேலே எழுதினீர்களே, பை முதுகில் இடித்தால் என்ன ஆகும் என்று, அதை அப்படியே சொல்லுங்கள். கியூவில் என்ன நடக்கிறது என்பதுதான் அவர்கள் கேட்பது. டிக்கெட்டுகளை ஆப் கணக்கோடு இணைத்துவிட்டு அழையுங்கள், காத்திருக்கும் நேரம் அதிகமாக இருக்கும், சார்ஜரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

கிடைக்காவிட்டால் காலையில் பூங்கா திறக்கும் முதல் ஒன்றரை மணி நேரம்தான் உங்கள் நேரம், அவன் அதிகம் கேட்கும் ரைடுகளை அதற்குள் முடித்துவிட்டு மதியம் ஹோட்டலுக்குத் திரும்பிவிடுங்கள். பெரிய ரைடுகளில் வாசலில் நிற்கும் பணியாளரிடம் கேட்டால், அப்பா வரிசையில் போய் நீங்களும் மகனும் கடைசியில் சேர்ந்துகொள்ள வழி செய்கிறார்களா என்று சொல்வார்கள், ரைடுக்கு ரைடு மாறும். ஒன்றிரண்டு ரைடுக்கு மட்டும் லைட்னிங் லேன் காசு கொடுத்து வாங்குவதும் ஒரு வழி, ஊதாநிறம் என்னைத் திட்டட்டும்.

ஊதாநிறம்:
திட்டமாட்டேன், நானும் வாங்கியிருக்கிறேன். கோபம் வாங்குகிறவர் மேல் இல்லை. @தொட்டில்மேகம், ஹெட்ஃபோன் புதிதாக வாங்குவதாக இருந்தால் இப்போதே வாங்கி வீட்டில் மாட்டிப் பழக்குங்கள், ஜூன் வெயிலில் காது வியர்த்து அவன் கழற்றி எறிவான். பூங்காவில் அமைதியாக உட்காரும் இடங்களை வரைபடத்தில் போட்டிருப்பார்கள், அதைப் படமெடுத்து அவன் ரைடு படங்களோடு சேர்த்துக் காட்டுங்கள். முதலில் இது, பிறகு இது என்று அவனுக்கும் தெரிய வேண்டும் இல்லையா.

தொட்டில்மேகம்:
படக்கார்டு ஏற்கெனவே பழக்கம்தான், இதையும் சேர்த்துவிடுகிறேன். அடுத்த வாரம் கால் போடுகிறேன், என்ன சொன்னார்கள் என்று இங்கேயே எழுதுகிறேன்.